டிடென்ஷன்: மூச்சை அடக்கி விளையாடவேண்டிய கேம்

பேய் கேம் என்றால் ஒரு முகம் திடீரென்று திரையில் பாய்ந்து கத்தும் என்று ஒதுங்கியிருப்பவர்கள் ‘டிடென்ஷன்’ விளையாடிப் பார்க்கவேண்டும். தாய்வானின் ரெட் கேண்டில் கேம்ஸ் 2017இல் வெளியிட்டது. துப்பாக்கி, அடிதடி ஒன்றும் கிடையாது. மவுஸால் கிளிக் பண்ணிப் பொருட்களைத் தேடி, புதிர்களை அவிழ்த்துக்கொண்டே கதைக்குள் போகவேண்டும்.

கதை நடப்பது 1960களில், மலைப்பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில். வகுப்பில் நித்திரையாகிப்போன மாணவன் கண் விழிக்கிறான். ஒருவரும் இல்லை. கரும்பலகையில் புயல் எச்சரிக்கை. மண்டப மேடையில் ரே என்ற மாணவி நித்திரையாக இருக்கிறாள். அப்புறம் பெரும்பாலும் அவளோடுதான் நடக்கிறோம்.

தாய்வானில் 1949 முதல் 1987 வரை இராணுவச் சட்டம் இருந்தது. தடைசெய்த புத்தகங்களை இரகசியமாக வாசிக்கும் வட்டம் ஒன்று அந்தப் பள்ளியில் இருக்கிறது. யாரோ காட்டிக்கொடுக்கிறார்கள். திருகோணமலையில் வளர்ந்த எனக்கு இதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. முகத்தை மூடிக்கொண்டு தலையசைத்து ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டிக்கு முன்னால் வரிசையில் நின்றவர்களும், வீட்டிலிருந்த புத்தகங்களை இரவோடிரவாக அடுப்பில் போட்டவர்களும் எங்கள் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள்.

பேய் எதிரே வந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு அதன் பக்கத்தாலேயே மெல்லக் கடக்கவேண்டும். விளக்குப் பிடித்த உயரமான உருவம் வந்தால் முகத்தையும் திருப்பிக்கொள்ளவேண்டும். பார்க்காதே, சத்தம் போடாதே. அந்த ஆட்சியில் மனிதர்கள் உயிர் தப்பியதும் அப்படித்தானே! விளையாட்டின் விதியே கதையைச் சொல்லும் இந்த அழகை வேறு எந்தக் கேமிலும் நான் காணவில்லை. சோற்றுக் கிண்ணத்தை நிலத்தில் வைத்தால் பேயின் கவனம் அதில் போய்விடும். இறந்தவருக்குச் சோறு படைக்கும் வழக்கம் அங்கேயும் உண்டு என்று கண்டதும் ரேயின் ஊர் எனக்குக் கிட்டவாகிவிட்டது.

ஒரு குறை: பாதிக்குமேல் பேய்கள் குறைந்துவிடுகின்றன, நடப்பதும் வாசிப்பதுமே மிச்சம். ஆனால் கதை கனப்பது அந்தப் பகுதியில்தான். முடிவுகள் இரண்டு. கடைசியில் ரே சொல்லும் பதில்களைப் பொறுத்து மாறும், இரண்டையும் பாருங்கள்.

தமிழில் இல்லை, ஆங்கிலத்தில் நிறைய வாசிக்கவேண்டும். நாலைந்து மணித்தியாலத்தில் முடிந்துவிடும், சாதாரண லப்டொப்பே போதும். ஹெட்போன் கட்டாயம். தூக்குக்கயிறும் இரத்தமும் வருவதால் சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தவேண்டாம்.