பயிற்றுநர்களை இணையவழி தயார்செய்ய: தானே படிக்கும் பாடமா, நேரலை வகுப்பா?

நிவாரண, மேம்பாட்டுப் பணியாளர்களுக்கு மோதல் உணர்திறன் (நாம் செய்யும் உதவி அங்குள்ள மோதலைக் கூட்டுமா குறைக்குமா என்று பார்த்து நடப்பது) கற்பிக்கப்போகும் பயிற்றுநர்களை இணையம் வழியாகவே தயார்செய்ய இரண்டு வழிகளை முயன்று பார்த்தோம். முதலில், மூடுல் (Moodle) என்ற இணையக் கல்வித் தளத்தில் அவரவர் வசதிப்படி படிக்கும் பாடம். அப்புறம், 12 பேருக்கு ஆறு வாரம், வாரம் இரண்டு மணி நேரம் என்று ஜூமில் நேரலை வகுப்பு. இப்போது இரண்டாவதைத்தான் நடத்துகிறோம்.

தானே படிக்கும் பாடத்தின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை தயாரித்தால் எத்தனை பேரும் படிக்கலாம். மூடுல் செயலியில் இறக்கி வைத்துக்கொண்டால் இணைப்பு இல்லாத இடத்திலும் படிக்கலாம். களத்தில் இருப்பவருக்கு இது பெரிய உதவி. கருத்துகளைப் புரியவைப்பதிலும் குறையில்லை. மேரி ஆண்டர்சன் குழுவினர் 1990களில் வகுத்த 'தீங்கு செய்யாதே' அணுகுமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஊரில் மக்களைப் பிரிப்பவை எவை, இணைப்பவை எவை என்று பார்ப்பது அதன் அடிப்படை. உதவிப் பொருள் திருடப்படுவது, சந்தை விலை மாறுவது, பங்கீட்டில் ஒரு தரப்பு விடுபடுவது, அதிகாரத்தில் இருப்பவர்கள் செய்ய வேண்டியதை நாம் செய்துவிட அவர்கள் பணம் போருக்குப் போவது, ஆயுதக் குழுவோடு பேசி அதற்கு அங்கீகாரம் கொடுத்துவிடுவது என்று உதவி மோதலைத் தொடும் வழிகளையும் அது காட்டுகிறது. இதையெல்லாம் காணொளியும் வினாடி வினாவும் நன்றாகவே சொல்லித்தரும்.

ஆனால் கருத்து தெரிந்தவரும் பயிற்றுநரும் ஒன்றல்ல. எங்கள் பாடத்தை முழு மதிப்பெண்ணோடு முடித்த ஒருவர், தன் முதல் இணைய வகுப்பில் எல்லோரையும், யாரும் எழுதவும் அழிக்கவும் முடிகிற இணையப் பலகையில் 'பிரிப்பவை' எழுதச் சொன்னார். ஒருவர் ஒரு சமய விழாவின் பெயரை எழுதினார். யாரோ அதை அழித்தார்கள். மறுபடி எழுதப்பட்டது, மறுபடி அழிந்தது. "சரி, அடுத்ததைப் பார்க்கலாம்" என்று இவர் நகர்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் வகுப்பை விட்டுப் போய்விட்டார்கள். "அந்த நேரத்தில் என்ன செய்வதென்று பாடத்தில் எங்கேயும் இல்லையே" என்று அவர் என்னிடம் கேட்டதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

என்னைப் பொறுத்தவரை எல்லாம் இந்த ஓர் இடத்தில்தான் தீர்மானமாகிறது. பாடத்தில் நாங்கள் வைத்திருந்த உதாரணம் கோமா (Goma) நகரம். 1994 ருவாண்டா இனப்படுகொலைக்குப் பிறகு கிழக்கு ஜயரில் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) கோமாவைச் சுற்றியிருந்த அகதி முகாம்களில் கொலைகளை நடத்தியவர்களே உணவுப் பங்கீட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு அந்த ஆண்டு நவம்பரிலேயே அங்கிருந்து விலகியது. கற்பிக்க அருமையான உதாரணம்தான். ஆனால் தொலைவில் நடந்ததால் எல்லோரும் ஒரே பக்கம் நின்று பேசுகிறார்கள். சொந்த ஊர் மோதல் பலகைக்கு வந்ததும் வகுப்பே இரண்டாகிறது. நேர் அறையில் என்றால் முகம் காட்டிக்கொடுக்கும். இணையத்தில் கேமரா அணைந்திருக்கும், ஒலி மூடியிருக்கும், கோபம் தனிச் செய்தியில் ஓடிக்கொண்டிருக்கும்.

இதைச் செய்து பார்த்துத்தான் பழக முடியும். நேரலை வகுப்பில் கடைசி வாரங்களை இதற்கே ஒதுக்கினோம். நான்கு நான்கு பேராகத் தனி அறைகள். ஒருவர் 20 நிமிடம் பாடம் நடத்துவார். மற்றவர்களில் ஒருவர் பலகையில் உள்ளதை அழிப்பார், ஒருவர் "இந்தப் பட்டியலே ஒருதலைப்பட்சம்" என்பார், ஒருவர் பேசாமலே இருப்பார். பிறகு 10 நிமிடம் கருத்து. அழித்தது யார் என்று தேடாமல், "இந்த விழா யாருக்குப் பிரிப்பது, யாருக்கு இணைப்பது?" என்று கேட்டு 'பிரிப்பவை', 'இணைப்பவை' என்ற இரண்டு பத்தியிலும் எழுத வைக்க அங்கேதான் கற்றுக்கொண்டோம். ஒரே விஷயம் இரண்டாகவும் இருக்கலாம் என்பது பாடத்திலும் இருந்தது. பதற்றத்தின் நடுவே அது நினைவுக்கு வர ஒத்திகை வேண்டியிருந்தது.

பதிவு பொத்தானையும் சொல்ல வேண்டும். பதிவு ஓடினால் யாரும் தங்கள் ஊர் மோதலைப் பேசமாட்டார்கள். பேசக்கூடாதுதான், கோப்பு யார் கைக்குப் போகும் என்று தெரியாதே. ஒத்திகைகளைப் பதிவு செய்வதில்லை, பலகையில் ஆள்பெயர் எழுதுவதில்லை, முடிந்ததும் பலகையை அழித்துவிடுகிறோம். வகுப்பைத் தவறவிட்டவருக்கு இதனால் நஷ்டம் உண்டு.

செலவு கூடுதல்தான். ஒவ்வோர் அறைக்கும் அனுபவமுள்ள ஒரு பார்வையாளர் வேண்டும். மூன்று அறைக்கு மூன்று பேர், அவர்கள் நேரத்துக்கு ஊதியம். 12 பேருக்கு மேல் நாங்கள் நடத்தியதில்லை, அதனால் 40 பேருக்கு இது தாங்கும் என்று உறுதி தர என்னால் முடியாது. இணைப்பு அடிக்கடி அறுந்த இரண்டு பேர் ஒத்திகையைத் தொலைபேசிக் குரல் வழியே முடித்தார்கள். ஓரளவு சரியாக வந்தது.

பழைய பாடத்தைத் தூக்கி எறியவில்லை. கருத்துப் பகுதியை வகுப்புக்கு முன் படித்துவிட்டு வரச் சொல்கிறோம். சான்றிதழை மட்டும் அதிலிருந்து எடுத்துவிட்டோம். ஒத்திகையில் பாடம் நடத்திக் காட்டியவருக்குத்தான் இப்போது அது.