ஹூஸ்டன் ஃபர்ஸ்ட் சாம்பியன்ஷிப்: முதன்முறை செல்லும் அணியின் தேவைகளை வைத்து ஒரு மதிப்பீடு

மாணவர் ரோபோ போட்டிகளில் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்றான ஃபர்ஸ்ட் சாம்பியன்ஷிப்புக்கு முதன்முறையாகத் தேர்வாகும் ஓர் அணி, போட்டி நாள் வரை அமைப்பாளர்களிடமிருந்து எத்தகைய உதவியைப் பெறுகிறது, எவற்றையெல்லாம் தானே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதை, ஒரு சேவையை எடைபோடும் அளவுகோல்களைக் கொண்டே இங்கு மதிப்பிடுகிறேன். அங்கு நடக்கும் மூன்று பிரிவுகளில், ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கான ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் (சுருக்கமாக எஃப்டிசி) பிரிவை மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிறேன். கடல் கடந்து செல்லும் அணி தன் ரோபோவைப் பயணப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோகக்கூடிய பிரிவுகளில் அதுவும் ஒன்று. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விதிகளையும் தொழில்நுட்பத்தையும் விளக்குவதில் இந்த அமைப்புக்கு முழு மதிப்பெண் தரலாம், போட்டி நாட்களின் நெரிசலையும் காத்திருப்பையும் ஒரு புதிய அணி எப்படிச் சமாளிக்க வேண்டும் என்பதைச் சொல்லித் தருவதில் பாதிதான் தர முடியும்.

அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989-இல் நிறுவிய ஃபர்ஸ்ட் அமைப்பு, 1992-இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் 28 அணிகளுடன் தன் முதல் போட்டியை நடத்தியது. அட்லாண்டா, செயின்ட் லூயிஸ் எனப் பல நகரங்களில் நடந்த இறுதிப் போட்டி 2017 முதல் ஹூஸ்டனுக்கு வந்தது. 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளில் பெருந்தொற்றால் அது நடைபெறவில்லை. இப்போது ஏப்ரல் மாதத்தில் ஜார்ஜ் ஆர். பிரவுன் மாநாட்டு மையத்தில் மூன்று பிரிவுகளும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. மாவட்ட அல்லது தேசிய அளவில் சில பத்து அணிகளுடன் மட்டுமே விளையாடிப் பழகிய பிள்ளைகளுக்கு, எல்லாவற்றுக்கும் முன்பாக அந்த இடத்தின் அளவே அதிர்ச்சியாக இருக்கும்.

அமைப்பு தரும் உதவிகளில் முதலிடம் போட்டிக் கையேட்டுக்குத்தான். ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாக எழுதப்படும் இந்தக் கையேட்டில் விதிகள் எண்ணிடப்பட்டு, ஐயத்துக்கு இடமுள்ள இடங்களில் எடுத்துக்காட்டுகளும் தரப்படுகின்றன. பருவம் நடக்கும்போது வெளிவரும் திருத்தங்கள் தனி அறிவிப்புகளாக வருகின்றன. அணிகள் கேட்கும் கேள்விகளுக்கான அதிகாரப்பூர்வப் பதில்களை எல்லோரும் படிக்க முடிகிறது. சட்ட நூல் போல் இருக்கிறதே என்று சிலர் சலித்துக்கொள்வதுண்டு; அந்தக் கறார்த்தன்மைதான் புதிய அணிக்குப் பாதுகாப்பு என்பது என் கருத்து. நடுவரிடம் நம் பக்க நியாயத்தைச் சொல்லப் போகும் பதினைந்து வயது மாணவருக்கு விதியின் எண் தெரிந்திருந்தால் போதும், அணிக்கு எத்தனை ஆண்டு அனுபவம் என்பதை யாரும் பார்ப்பதில்லை. ஒரு குறையும் உண்டு. விளையாட்டு விதிகள் ஓரிடத்திலும், சாம்பியன்ஷிப்புக்கான பயண, பதிவு, அரங்க விவரங்கள் வேறோர் இடத்திலும், மதிப்பீடு பற்றியவை இன்னோர் இடத்திலுமாகச் சிதறிக் கிடப்பதால், அவற்றையெல்லாம் தேடித் தொகுத்து ஒரே நாட்காட்டியாக எழுதிவைக்கும் வேலையை அணியில் ஒருவருக்கு முன்கூட்டியே ஒப்படைத்துவிட வேண்டும்.

அதிகாரப்பூர்வக் கையேட்டுக்குத் துணையாக, எஃப்டிசியில் விளையாடி முடித்த பழைய மாணவர்களும் வழிகாட்டிகளும் சேர்ந்து இலவசமாக எழுதிவரும் ‘கேம் மேனுவல் ஜீரோ’ என்னும் இணையக் கையேட்டையும் படிக்கச் சொல்வேன். விதியைச் சொல்வது முதல் கையேடு என்றால், அந்த விதிக்குள் நின்று உறுதியான இயந்திரம் செய்வது எப்படி என்று சொல்வது இது. வயர்களை எப்படி ஓட்டுவது, இணைப்பிகள் இழுபட்டுக் கழலாமல் எப்படிக் கட்டுவது என்பவை பற்றிய பகுதிகளைப் புறப்படுவதற்கு முன் மொத்த அணியும் கூடியிருந்து மறுபடி படிப்பது நல்லது.

அரங்கில் முதலில் எதிர்கொள்வது பரிசோதனை. தொடக்க நிலையில் ரோபோ 18 அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும், கூர்மையான விளிம்புகள் இருக்கக் கூடாது, அணி எண் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் முன்பே வெளியிடப்படுகிறது. பரிசோதகர்கள் நம்மைத் தோற்கடிக்க நிற்பவர்கள் அல்லர். குறை கண்டால் திருத்திக்கொண்டு வரச் சொல்லிவிடுவார்கள். ஆனால் திருத்துவதற்குச் செலவாகும் நேரம் பயிற்சி மைதானத்தில் கிடைத்திருக்க வேண்டிய நேரம். எனவே அந்தப் பட்டியலை அச்சிட்டு, ரோபோவைக் கட்டாத ஒருவர் கையில் கொடுத்து, வீட்டிலேயே ஒரு முழுப் பரிசோதனையை நடத்திப் பார்த்துவிட வேண்டும். மென்பொருள் பகுதியில்தான் புதிய அணிகள் அதிகம் தடுமாறுகின்றன. ரோபோவை இயக்கும் சிறு கணினியான கன்ட்ரோல் ஹப், அதனுடன் தொடர்புகொள்ள ஓட்டுநர் கையில் வைத்திருக்கும் கருவியான டிரைவர் ஹப் ஆகிய இரண்டிலும் உள்ள செயலிகளின் பதிப்புகள் பொருந்த வேண்டும். பெயர்கள் அணி எண்ணுடன் விதிப்படி அமைய வேண்டும். தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றியிருக்க வேண்டும். இவற்றைப் புதுப்பிக்கும் வேலையை ஊரிலேயே முடித்து, அதன் பிறகு குறைந்தது ஒரு வாரமாவது அதே பதிப்பில் ஓட்டிப் பழகியிருக்க வேண்டும்.

கம்பியில்லாத் தொடர்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூற்றுக்கணக்கான ரோபோக்கள் ஒரே கூரையின் கீழ் வைஃபையில் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில், ஒருவர் தன் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிட்டால் அதன் பாதிப்பு முன்பின் அறியாத இன்னோர் அணியின் மீது விழக்கூடும். அதனால்தான் அரங்கில் தனியார் வைஃபை அமைப்பதை விதிகள் தடுக்கின்றன. உடன் வரும் பெற்றோருக்கும் இதைச் சொல்லிவைப்பது அணியின் பொறுப்பு. நிரல் மாற்றங்களை யுஎஸ்பி வயர் வழியாக ஏற்றுவதை முன்கூட்டியே பழகிக்கொண்டால் நெரிசலான அலைவரிசையை நம்பியிருக்க வேண்டியதில்லை.

ஊரில் ஒருமுறைகூட நின்றிராத ரோபோ அங்கே ஆட்டத்தின் நடுவே திடீரென அசைவற்று நின்றுவிடுவதற்கு நிலைமின்சாரம் ஒரு முக்கியக் காரணம். 12 அடிக்கு 12 அடி மைதானம் முழுவதும் நுரைப்பாய்கள் விரிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் மீது சக்கரங்கள் உரசி ஓடும்போது ரோபோவின் சட்டகத்தில் மின்னேற்றம் சேர்ந்து, உலோகப் பகுதியைத் தொடும் கணத்தில் கன்ட்ரோல் ஹப் வழியாகவோ யுஎஸ்பி கேமராவின் வயர் வழியாகவோ பாய்ந்து தொடர்பை அறுத்துவிடுகிறது. காற்றில் ஈரம் குறையக் குறைய இது கூடும். ஹூஸ்டன் நகரம் வெளியே எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும், நாள் முழுவதும் குளிரூட்டி ஓடும் அரங்கத்தின் காற்று அப்படி இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. விதிகள் அனுமதிக்கும் மின்தடையுள்ள நிலத்தொடர்பு வயரைச் சட்டகத்துடன் இணைப்பது, கன்ட்ரோல் ஹப்பை உலோகத்தில் நேரடியாகப் பொருத்தாமல் நெகிழித் தகட்டின் மீது வைப்பது, கேமரா வயரில் மின்னிரைச்சலைத் தணிக்கும் ஃபெரைட் வளையம் மாட்டுவது ஆகிய மூன்றையும் புறப்படுவதற்கு முன்பே செய்துவிடலாம். மூன்றுக்கும் சேர்த்து ஒரு மாலைப்பொழுது போதும்.

பேட்டரி விஷயத்தில் கணக்குப் போட்டுத்தான் தயாராக வேண்டும். எஃப்டிசியில் பயன்படும் 12 வோல்ட், 3,000 மில்லி ஆம்பியர்-மணி நிக்கல் பேட்டரியை 1.8 ஆம்பியரில் சார்ஜ் செய்தால் முழுதாக ஏறுவதற்கு ஒரு மணி நாற்பது நிமிடமாவது ஆகும். ஆட்டத்திலிருந்து சூடாக வந்ததை உடனே சார்ஜரில் மாட்டவும் கூடாது. ஓர் ஆட்டமோ ரோபோ நிரலின்படி தானே இயங்கும் முப்பது நொடித் தன்னியக்கப் பகுதியும் இரண்டு நிமிட ஓட்டுநர் பகுதியும் மட்டுமே கொண்டது. அடுத்த ஆட்டம் அரைமணி நேரத்திலும் வந்துவிடலாம். பேட்டரி பாதி இறங்கியிருந்தால் ஓட்டுநர் சமாளித்துவிடுவார், தன்னியக்க நிரலால் சமாளிக்க முடியாது. மின்னழுத்தம் குறைந்தால் அதே கட்டளைக்கு மோட்டார் குறைவாகச் சுழன்று, ரோபோ போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு முன்பே நின்றுவிடும். ஆகவே நான்கு பேட்டரிகளாவது வைத்திருந்து, ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டி, எது எப்போது சார்ஜரிலிருந்து எடுக்கப்பட்டது என்று எழுதிவருவதற்கு ஒரு மாணவரைத் தனியாக நியமிப்பதே முறை. இந்த வேலையை யாரும் விரும்பிக் கேட்டு வாங்குவதில்லை என்பது வேறு விஷயம்.

பிட் எனப்படும் அணிக்கூடம் பொதுவாகப் பத்தடிக்குப் பத்தடி அளவுதான். அதில் மேசை, ரோபோ, கருவிப்பெட்டிகள், பதாகை எல்லாம் அடங்க வேண்டும். கூடத்துக்குள் காலடி வைக்கும் ஒவ்வொருவரும், பார்க்க வந்த தாத்தா பாட்டி உட்பட, பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும்; விரல் தெரியும் செருப்புடன் வர முடியாது. பவர்கண்ணாடி அணிபவர்கள் அதன் மீதே மாட்டிக்கொள்ளும் வகையை ஊரிலேயே வாங்கிவிடுவது வசதி. தீப்பொறி சிதறும் கருவிகளுக்கும் திறந்த சுடருக்கும் அனுமதியில்லை. ஆலன் கீ, கேபிள் டை, திருகு தளராமல் பிடிக்கும் பசை, கிரிம்பிங் கருவி, கூடுதல் இணைப்பி வயர்கள், ஒரு உபரி மோட்டார், ஒரு உபரி சர்வோ (குறிப்பிட்ட கோணத்துக்குத் திரும்பும் சிறு மோட்டார்) ஆகியவற்றைப் பட்டியலிட்டு எடுத்துச் செல்லலாம். கன்ட்ரோல் ஹப் மட்டும் இரண்டாவதாக ஒன்று இருந்தால் பெரும் நிம்மதி, ஆனால் அதன் விலை எல்லா அணிகளுக்கும் கட்டுப்படியாகாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பொருள் தீர்ந்துவிட்டால் பக்கத்து அணியிடம் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். எதிரணிக்குக் கருவி கொடுத்துவிட்டு அதே அணியுடன் மோதுவது அங்கே இயல்பான வழக்கம். இந்தப் பண்பைச் சொற்பொழிவில் மட்டும் நிறுத்தாமல் நடைமுறையிலும் கொண்டுவந்திருப்பது அமைப்பாளர்களின் சாதனை என்றே சொல்வேன்.

பயண ஏற்பாடுகளில் அமைப்பின் துணை மெல்லியதுதான். அமெரிக்க விசாவுக்கான நேர்காணல் தேதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடலாம். தகுதி பெற்ற பிறகு தொடங்கலாம் என்று இருக்கும் அணிக்கு நேரம் போதாமல் போகக்கூடும். ரோபோவைப் பெரும்பாலும் இரண்டு மூன்று பகுதிகளாகக் கழற்றி, விமான நிறுவனங்கள் வழக்கமாக அனுமதிக்கும் 23 கிலோ பெட்டிகளில் பிரித்து வைக்க வேண்டியிருக்கும். டிரைவர் ஹப், மடிக்கணினி போன்ற லித்தியம் பேட்டரி உள்ளவற்றைக் கைப்பையில் கொண்டுபோவதே நல்லது. உபரி லித்தியம் பேட்டரிகளையோ கைப்பையில் மட்டும்தான் வைக்கலாம். அமெரிக்க விமான நிலையங்களில் ஏழு அங்குலத்துக்கு மேல் நீளமுள்ள கருவிகளைக் கைப்பையில் அனுமதிப்பதில்லை. அங்கே மின்சாரம் 120 வோல்ட் என்பதால், பேட்டரி சார்ஜரின் மீது 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பிளக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. கழற்றும் முன் ஒவ்வோர் இணைப்பையும் படம் எடுத்து, திரும்பப் பூட்டுவதை அந்தப் படங்களை மட்டும் பார்த்துச் செய்து பழகிய அணி, அங்கே முதல் நாள் மாலைக்குள் ஓடும் ரோபோவுடன் நிற்கும்.

விருதுகளுக்கான மதிப்பீட்டு நேர்காணல் நன்கு திட்டமிடப்பட்ட பகுதி. பதினைந்து பக்கங்களுக்கு மிகாத பொறியியல் தொகுப்பேட்டை முன்வைத்து மாணவர்கள்தான் பேச வேண்டும். வழிகாட்டிகள் அறையில் இருந்தாலும் வாய் திறக்கக் கூடாது. மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் ஆழமாகவே இருப்பதால், தயாரிப்பின்போது பேச்சைப் பாதியில் நிறுத்திக் கேள்வி கேட்டுப் பழக்குவது பலன் தரும். அறை நேர்காணலோடு இது முடிந்துவிடுவதில்லை. மதிப்பீட்டாளர்கள் பின்னர் அறிவிப்பின்றி அணிக்கூடத்துக்கும் வருவார்கள். கூடத்தில் எந்நேரமும் ரோபோவைப் பற்றி விளக்கத் தெரிந்த இருவர் இருக்கும்படி முறைவைத்துக்கொள்ளாத அணிகள், எல்லோரும் ஆட்டம் பார்க்கப் போயிருந்த வேளையில் நல்ல வாய்ப்புகளை இழந்துவிடுகின்றன.

அரங்கத்தைப் பற்றிச் சுருக்கமாக: இடம் வசதியானது, எதிரிலேயே டிஸ்கவரி கிரீன் பூங்கா இருக்கிறது, அருகிலேயே ரயில் நிறுத்தமும் உண்டு. ஆனால் உள்ளேயே நடக்க வேண்டிய தொலைவு மிகுதி. அணிக்கூடத்திலிருந்து ஆட்ட வரிசைக்கு ரோபோவைத் தூக்கிக்கொண்டு போவதென்பது சிரமமான காரியம் என்பதால், மடக்கக்கூடிய ஒரு தள்ளுவண்டியையும் எல்லோருக்கும் நல்ல காலணிகளையும் பட்டியலில் சேர்க்கச் சொல்வேன். பார்வையாளர் பகுதியில் வராதவர்களுக்காக இருக்கை பிடித்து வைப்பது விதிக்கு மாறானது. பெற்றோர் துணையாக வர விரும்பினால் வரட்டும். ஆனால் பிட்டுக்குள் கூட்டமாக நின்று ஆலோசனை சொல்வதைவிட, உணவு வாங்கி வருவதையும் அடுத்த ஆட்டத்தின் நேரத்தை நினைவூட்டுவதையும் அவர்கள் ஏற்றுக்கொண்டால் பிள்ளைகளுக்கு அதுவே பெரிய உதவியாக இருக்கும்.