நின்றுபோன ஸ்ப்ளெண்டர்: நாமே செய்வதா, தெருமுனை மெக்கானிக்கா, கம்பெனி சர்வீஸா?

மகன் வளைகுடாவுக்குப் போய்விட்டான், அப்பாவுக்குக் கண்பார்வை மங்கிவிட்டது, வீட்டில் வேறு யாரும் வண்டி எடுப்பதில்லை. நல்ல ஸ்ப்ளெண்டர்கள் பல இப்படித்தான் நான்கைந்து வருடம் தார்ப்பாய்க்குள் நின்றுவிடுகின்றன. பிறகு ஒருநாள் அதை மறுபடி ஓட்டலாமே என்று பேச்சு வரும். நாமே இறங்கிச் செய்யலாம், தெருமுனை மெக்கானிக்கிடம் விடலாம், இல்லையென்றால் குட்டியானையில் ஏற்றிக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு அனுப்பலாம்.

எங்கே கொடுத்தால் சீக்கிரம் ஸ்டார்ட் ஆகும் என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் முடிவெடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த 97 சிசி இன்ஜின் சுலபத்தில் சாகாது. பிளக்கை மாற்றி, கார்பரேட்டரைக் கழுவி, புதுப் பெட்ரோல் ஊற்றினால் பெரும்பாலும் பற்றிக்கொள்ளும். நின்ற இடத்திலேயே சத்தமில்லாமல் கெட்டுப்போவது பிரேக்கும் டயரும் கேபிளும்தான். பிடித்த இடத்தில் வண்டி நிற்க யார் பொறுப்பாக வேலை செய்வார்கள் என்று பார்த்தே மூன்று வழிகளையும் ஒப்பிட வேண்டும்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஆர்சியைப் பாருங்கள். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருடத்துக்குத்தான் செல்லும். அதன்பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். தேதி தாண்டியிருந்தால் தாமதக் கட்டணம், பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் சேர்த்து எவ்வளவு வரும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவையே 2,000 ரூபாய் அபராதம். அந்தக் கணக்கும் டேங்க் ஓட்டையும் இன்ஜின் ஜாமும் சேர்ந்துகொண்டால், ஓடுகிற பழைய வண்டி ஒன்றை வாங்குவதே லாபம்.

கணக்கு சரியாக வந்தால், முதல் கட்ட வேலையை வீட்டிலேயே செய்வதுதான் மற்ற இரண்டையும்விட நல்லது. இதில் திறமையைவிடப் பொறுமைதான் தேவை. கடைக்காரருக்கு இல்லாத நேரம் நமக்கு இருக்கிறது. சைலன்சர் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். நம்மூரில் குளவி மண்கூடு கட்டியிருக்க நிறைய வாய்ப்புண்டு. பக்கவாட்டு டூமை, அதாவது சீட்டுக்குக் கீழே இருக்கும் மூடியைக் கழற்றினால் ஏர் ஃபில்டர் பெட்டியில் எலி சேர்த்துவைத்த துணியும் பஞ்சும் கிடைக்கலாம். எலி வந்திருந்தால் ஒயரையும் கடித்திருக்கும், விரலால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள்.

அடுத்து பிளக். கழற்றி, அந்த ஓட்டை வழியாக இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். காலையில் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, டாப் கியரில் வைத்து, பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பிஸ்டன் ஏறி இறங்கும்போது பிளக் ஓட்டையில் 'புஸ்' என்று காற்று வரும். வந்தால் நிம்மதி. சக்கரம் இறுகி நின்றால் கிக்கரை ஏறி மிதிக்காதீர்கள். பிஸ்டன் ரிங் துருவேறி, சிலிண்டரின் உள்சுவரான போரோடு ஒட்டியிருக்கும். முரட்டுத்தனம் காட்டினால் போரில் கீறல் விழும். அது மெக்கானிக் வேலை. சுலபமாகச் சுற்றினால் பழைய ஆயிலை வடித்துப் புதிது ஊற்றுங்கள்.

இந்த இடத்தில் தெருமுனைக் கடைக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். பல கடைகளில் வண்டி உள்ளே வந்ததும் பெட்ரோல் ஊற்றி நாலு கிக் அடித்துப் பார்ப்பார்கள். காய்ந்த சிலிண்டரில் பிஸ்டன் உரசும். பழக்கத்தில் செய்வது, கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒரு ராத்திரி ஆயிலை நாம் வீட்டிலேயே விட்டுவிட்டால் இந்தக் கவலை இல்லை.

டேங்குக்கு வருவோம். மூடியைத் திறந்ததும் பெயின்ட் கடை வாசனை மாதிரி ஒரு புளித்த நெடி அடித்தால் பெட்ரோல் செத்துவிட்டது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், அடியில் தண்ணீர் தேங்கும், அங்கிருந்து துரு தொடங்கும். இதற்கு வழக்கத்தில் உள்ள வைத்தியங்கள் மூன்று.

பாத்ரூம் கழுவும் ஆசிட் ஊற்றுவது ரொம்ப வேகம். ஆனால் அது துருவோடு நல்ல தகரத்தையும் தின்னும். சரியாகக் கழுவிக் காயவைக்காவிட்டால் மறுநாளே செம்மண் நிறத்தில் துரு திரும்பிவிடும். நான் இதைச் சிபாரிசு செய்யவே மாட்டேன். நட்டு போல்ட்டையோ பழைய செயினையோ உள்ளே போட்டுக் குலுக்குவது கட்டித் துருவை உதிர்க்கும், மூலையில் இருப்பதைத் தொடாது. எனக்குப் பிடித்தது சிட்ரிக் ஆசிட், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும். பெட்ரோல் டேப்பையும் ஃபியூயல் மீட்டர் ஃப்ளோட்டையும் கழற்றி அந்த ஓட்டைகளை அடைத்துவிட்டு, பத்து லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைக்கிலோ முதல் ஒரு கிலோ வரை கரைத்து ஊற்றி, ஒருநாள் ஊறவிடுங்கள். பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, நல்ல வெயிலில் உடனே காயவைத்து, கொஞ்சம் ஆயில் கலந்த பெட்ரோலை உள்ளே சுழற்றிவிட வேண்டும். தகரம் மங்கிய சாம்பல் நிறத்தில் தெரியும். அதுதான் சரி.

கம்பெனி சர்வீஸில் இந்த வேலையை எதிர்பார்க்க முடியாது. துரு என்றால் டேங்கை மாற்றச் சொல்வார்கள். அவர்கள் பக்கத்தில் நியாயம் உண்டு, ஒரு நாள் முழுக்க ஒரு டேங்கோடு உட்கார அவர்களால் முடியாது. ஊசி ஓட்டைகள் விழுந்த டேங்காக இருந்தால் அவர்கள் சொல்வதே சரி. வெல்டிங் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். காலி டேங்கிலும் பெட்ரோல் ஆவி இருக்கும், வெடிக்கும்.

கார்பரேட்டரை நான் மெக்கானிக்கிடம்தான் கொடுப்பேன். காய்ந்த பெட்ரோல் கோந்து மாதிரி பைலட் ஜெட்டை அடைத்திருக்கும். அது தலைமுடி நுழைகிற அளவு ஓட்டை. பழகிய கை அதைக் கிளீனர் அடித்து, காற்று பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டும். கேபிள் கம்பியால் குத்துகிற கடையாக இருந்தால் வேறு கடை பாருங்கள், ஓட்டை அகன்றுவிட்டால் அப்புறம் ஐட்லிங் நிற்காது. 'இதைக் கழுவி ஆகாது, புதுசு போட்டுடலாம்' என்று விலை குறைந்த டூப்ளிகேட் கார்பரேட்டரைக் காட்டினால் அவசரப்படாதீர்கள். கழுவிய ஒரிஜினல் பெரும்பாலும் அதைவிட நன்றாக ஓடும். கூடவே ஃப்ளோட் பின், வாஷர் மட்டும் புதிது போட்டால் போதும்.

பிரேக்தான் நான் வாதாடுகிற இடம். டிரம் பிரேக்கில் இரண்டு விஷயம் நடக்கிறது. பிரேக் ஷூவை விரிக்கும் கேம் ஷாஃப்ட்டில் கிரீஸ் காய்ந்து இறுகுவதால் பிடித்த பிரேக் விடாது. அதைவிட ஆபத்து, ஷூவில், டிரம்மை உரசிப் பிடிக்கும் லைனிங்கை ஒட்டியிருக்கும் பசை வருடக்கணக்கில் ஈரம் பட்டு விட்டுப்போவது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஓடும்போது லைனிங் பெயர்ந்து டிரம்முக்குள் சிக்கினால் சக்கரம் அப்படியே லாக் ஆகும். இரண்டு சக்கரத்தையும் கழற்றிப் பார்க்காமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது. உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

வீட்டில் செய்தால் கழற்றுவது சுலபம், மாட்டியபின் சரிதானா என்று சொல்ல ஆள் இல்லை. கம்பெனியில் ஒரிஜினல் ஷூ உறுதி, ஜாப் கார்டில் எழுதியதைச் செய்வார்கள். எழுதாமல் விட்டால் வெறும் அட்ஜஸ்ட்மென்டோடு போய்விடலாம். தெருமுனைக் கடையில் பக்கத்தில் நின்று பார்க்கலாம், அதுதான் அதன் பலம். "அண்ணே, இன்ஜின் அப்புறம் இருக்கட்டும், முதல்ல ரெண்டு பிரேக்கையும் கழட்டிக் காட்டுங்க" என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். ஷூவை நீங்களே ஒரிஜினல் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், செலவு சொற்பம். பிரேக், கிளட்ச், ஆக்சிலேட்டர் கேபிள் மூன்றையும் அதோடு மாற்றிவிடலாம்.

டயருக்கு ஒப்பீடே தேவையில்லை. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ன் 23-வது வாரம். பட்டன் (ரோட்டைத் தொடும் மேடு) புதிது மாதிரி இருந்தாலும், விரலால் வளைத்தால் வெடிப்பு தெரிகிறதென்றால் தூக்கிப் போடுங்கள், டியூபோடு. ஈர ரோட்டில் கெட்டிப்பட்ட ரப்பர் பிடிக்காது. பேட்டரியையும் சார்ஜ் போட்டுக் காலம் கடத்த வேண்டாம், வருடக்கணக்கில் காலியாகக் கிடந்தது மீளாது.

இவ்வளவும் கார்பரேட்டர் வண்டிக்கு. 2020-க்குப் பிறகு புதுப் புகை விதிப்படி (பிஎஸ்6) வந்த ஸ்ப்ளெண்டர் இப்படி நின்றிருந்தால் என் முடிவு மாறிவிடும். அதில் ஃபியூயல் பம்ப், இன்ஜெக்டர், சென்சார் எல்லாம் இருக்கின்றன. ஸ்கேனர் இல்லாத கடையில் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்த்துக் காசைக் கரைப்பதற்குக் கம்பெனி சர்வீஸே மேல். டிஸ்க் பிரேக்கோடு நின்ற வண்டியையும் அங்கேயே கொடுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக் காலிபர் பிஸ்டன் இறுகியிருக்கும், ஆயிலை மட்டும் மாற்றினால் தீராது.

பழைய ஸ்ப்ளெண்டருக்கு என் பங்கீடு இதுதான்: சுத்தம், ஆயில், டேங்க் வீட்டில்; கார்பரேட்டர், பிரேக், கேபிள் கண்ணுக்கு முன்னால் கடையில்; சாமான்கள் ஒரிஜினல். வாட்டர் சர்வீஸ் இப்போது வேண்டாம், அழுத்தமான தண்ணீர் டிரம்முக்குள்ளும் பேரிங்குக்குள்ளும் போகும்.

பேப்பர் எல்லாம் சரியானபின் முதல் ஓட்டத்தைத் தெருவுக்குள்ளேயே இருபது கிலோமீட்டர் வேகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் கியர் போட்டதும் கிளட்ச் பிடித்திருந்தும் வண்டி குதித்தால் பிளேட் ஒட்டியிருக்கிறது. திரும்பி வந்ததும் இரண்டு டிரம்மையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அந்த பிரேக் விடவில்லை, மறுபடி கழற்ற வேண்டும். நூறு நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடியதும் இன்ஜின் ஆயிலை இன்னொரு தடவை மாற்றிவிடுங்கள். உள்ளே தேங்கியிருந்த ஈரமும் கசடும் அதில்தான் வெளியே வரும்.