ஷிப்ட் மாறும்போது: வாட்ஸ்அப் குழுவா, பதிவேடா, நேர்ப்பேச்சா?

நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவில் பொறுப்பாளராக இருப்பவர், தம் குழுவுக்கு அன்றைய வேலையைத் தெரிவிக்கப் பொதுவாக மூன்று வழிகள் உள்ளன: வாட்ஸ்அப் குழு, ஷிப்ட் பதிவேடு, ஷிப்ட் தொடங்கும்போது இயந்திரங்களின் அருகே நின்றபடியே நடத்தும் சிறு கூட்டம். எங்கள் பிரிவுக்கு நான் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஆகவே இந்த அலசலும் அதன் பக்கமே சாயும்.

வாட்ஸ்அப்பின் வேகம் எல்லோரும் அறிந்ததே. தேய்ந்த பேரிங்கின் படத்தை உடனே காட்ட அதற்கு ஈடில்லை. பழைய பழுதின் வரலாற்றைத் தேடுவதற்குப் பதிவேட்டை விட்டால் வழியில்லை. ஆனால் தமிழ் படிக்கத் தெரியாத வடமாநிலத் தொழிலாளர்களுக்கு அது மூடிய புத்தகமே.

என்னைப் பொறுத்தவரை தேர்வைத் தீர்மானிப்பது ஒன்றுதான்: சொன்னது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்பதைச் சொன்னவர் அப்போதே அறிய முடிகிறதா? 1988 ஜூலை 6 அன்று வட கடலின் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில், ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றியிருந்தார்கள். அந்த வேலைக்கான அனுமதிச் சீட்டு எழுத்தில் இருந்தது. ஷிப்ட் மாறியபோது செய்தி மட்டும் இரவுக் குழுவை எட்டவில்லை. இன்னொரு பம்ப் நின்றுபோனதும் அவர்கள் இந்தப் பம்பை இயக்க, அதிலிருந்து தொடங்கிய கசிவும் வெடிப்பும் தீயும் 167 உயிர்களைப் பறித்தன.

வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் சொல்லும் உயரத்தையும் ஓடுபாதையையும் விமானி திருப்பிச் சொல்லியாக வேண்டும் என்பது விதி. பிசகினால் அங்கேயே திருத்திவிடலாம். கூட்டத்தில் நான் கடைப்பிடிப்பதும் அதையே. ஒரு ரிங் ஃபிரேமை (நூல் நூற்கும் இயந்திரம்) இன்று இயக்கக் கூடாது என்று சொன்ன பிறகு, "புரிந்ததா?" என்று கேட்பதில்லை; அக்கேள்விக்கு "சரிங்க சார்" என்பதைத் தவிர வேறு பதில் வருவது அரிது. எந்த இயந்திரம், ஏன் நிறுத்தியிருக்கிறோம், மெயின் சுவிட்ச் பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையெல்லாம், வேலையைச் செய்யப்போகும் ஃபிட்டரையே சொல்லச் சொல்கிறேன். இளையவர்களை முதலில் பேசவைக்கிறேன், ஏனெனில் மூத்தவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அவர்கள் மறுத்துப் பேசத் தயங்குவார்கள். மாற்ற வேண்டிய உதிரிபாகம் ஸ்டோரில் இல்லை என்பது போன்ற செய்திகள் எனக்கு இந்த நேரத்தில்தான் கிடைக்கின்றன.

இதற்கு விலையும் உண்டு. இரண்டு ஷிப்ட் ஆட்களும் சில நிமிடம் ஒன்றாக நிற்க நிர்வாகம் இசைய வேண்டும். பொறுப்பாளர் நீட்டி முழக்கத் தொடங்கினால் கூட்டம் சொற்பொழிவாகிவிடும்.

வெவ்வேறு ஊர்களில் இருந்து பணிபுரியும் குழுக்களை நடத்திய அனுபவம் எனக்குக் குறைவு. நீண்ட வாதம் தேவைப்படும் முடிவுகளுக்கு எழுத்தே ஏற்றதாக இருக்கலாம். அமேசானில் ஜெஃப் பெசோஸ் 2004இல் ஸ்லைடுகளை விலக்கி, எழுதிய அறிக்கையைக் கூட்டத்தின் தொடக்கத்தில் அனைவரும் மௌனமாகப் படிக்கும் முறையைக் கொண்டுவந்தார்.

பதிவேட்டை நாங்களும் கைவிடவில்லை. கூட்டத்தில் திருப்பிச் சொன்னவர் தமக்குத் தெரிந்த மொழியில் அதை எழுதுகிறார், இரண்டு ஷிப்ட் பொறுப்பாளர்களும் கையெழுத்திடுகிறோம்.