பழைய ஃபோர்டு 8என் டிராக்டருக்கு எந்த ஆயில்?

என்னிடம் இருப்பது 1951-ஆம் வருடத்து ஃபோர்டு 8என். ஒஹாயோவில் எங்கள் வீட்டைச் சுற்றி ஐந்து ஏக்கர் நிலம். கோடையில் புல் வெட்டவும், குளிர்காலத்தில் வழியில் விழும் பனியைத் தள்ளவும் இதுதான். ஊரில் இருக்கும் மாமாவிடம் படத்தைக் காட்டியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "பெட்ரோல்ல ஓடுற டிராக்டரா? கட்டுப்படியாகுமா மாப்ள?" நம்மூரில் டிராக்டர் என்றால் டீசல்தான். அவர் பல வருடம் ஓட்டியது சென்னை டாஃபே தயாரித்த மாஸி ஃபெர்குசன். அந்த வண்டிக்குப் பின்னால் கலப்பை மாட்டும் மூன்று முனை இணைப்பும் என் வண்டியில் இருப்பதும் ஒரே ஆளின் யோசனை: ஹாரி ஃபெர்குசன். 1938-ல் ஹென்றி ஃபோர்டும் அவரும் கைகுலுக்கி, காகிதம் எழுதாமல் கூட்டுச் சேர்ந்தார்கள். ஃபோர்டு கம்பெனி அவரை விட்டுவிட்டு 1947-ல் 8என்னை இறக்கியதும் கூட்டு வழக்காக மாறி, 1952-ல் 92.5 லட்சம் டாலரில் முடிந்தது. அதே 1952-ல் 8என் தயாரிப்பும் நின்றது. அதற்குள் ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றிருந்தார்கள். அமெரிக்கக் கிராமப்புறங்களில் இன்றும் நிறைய ஓடுவது அதனால்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த வண்டி வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஆயில் சண்டை நிச்சயம். ஒருவர் நான்-டிடர்ஜென்ட் 30 (சுத்தம் செய்யும் சேர்மானம் கலக்காத ஆயில்; 30 கெட்டித்தன்மையின் எண்) என்பார், இன்னொருவர் டீசல் ஆயில் என்பார், மூன்றாமவர் சிந்தெடிக் என்பார். எல்லாரும் கம்பெனிப் பெயரில் அடித்துக்கொள்வார்கள். என் அனுபவத்தில் கம்பெனிப் பெயர் கடைசியாகப் பார்க்க வேண்டிய சங்கதி.

முதலில் என்ஜின் என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டர், இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வால்வுகள் தலையில் இல்லை, பக்கவாட்டில் பிளாக்குக்குள்ளேயே நிற்கின்றன. சுற்று நிமிடத்துக்கு இரண்டாயிரத்தைச் சுற்றித்தான். ஆயில் ஃபில்டரோடு சேர்த்து 6 குவார்ட், அதாவது 5.7 லிட்டர் சுமார். சூடும் அழுத்தமும் இன்றைய கார் என்ஜினோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் இரண்டு குறைகள் உண்டு. உள்ளே சேரும் ஆவியை இழுத்து வெளியேற்றும் பிசிவி வால்வு கிடையாது. ஃபில்டரும் பைபாஸ் வகை: பம்ப் தள்ளும் ஆயிலில் ஒரு பங்குதான் ஃபில்டர் வழியாகப் போகும், மீதி அழுக்கோடு நேராக பேரிங்குக்குப் போய்விடும். எந்த ஆயில் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இந்த இரண்டிலும் இருக்கிறது.

நான்-டிடர்ஜென்ட்டா, டிடர்ஜென்ட்டா?

வண்டி வாங்கிய புதிதில் கடைக் கவுண்டரில் இருந்தவர் "பழைய வண்டிக்குப் பழைய ஆயில்தான்" என்று சொல்லி நான்-டிடர்ஜென்ட் 30 கொடுத்தார். நானும் நம்பி ஊற்றினேன். வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கும்: டிடர்ஜென்ட் இல்லாத ஆயிலில் அழுக்கு மிதக்காது, என்ஜினுக்குக் கீழே ஆயில் நிற்கும் தொட்டியான சம்பின் அடியில் கசண்டாகப் படிந்துவிடும், பேரிங்குக்குப் போகாது, முழு ஆயிலையும் வடிகட்டாத என்ஜினுக்கு அதுவே நல்லது. அந்தக் காலத்தில் இது உண்மையாகவும் இருந்தது.

பிரச்சினை, அழுக்கு நாம் சொன்ன இடத்தில் மட்டும் படிவதில்லை. பிஸ்டன் ரிங் பள்ளத்தில் படியும், வால்வைத் தள்ளும் டாப்பட் இருக்கும் அறையில் படியும், ஆயில் பம்பின் வாயில் இருக்கும் சல்லடையில் படியும். பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் படித்தால் இன்னொன்றும் தெரியும். இந்த ஆயில்கள் பெரும்பாலும் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியச் சங்கம்) தரவரிசையில் எஸ்ஏ அல்லது அதற்கு அடுத்த எஸ்பி (SB). எஸ்ஏ ஆயில் 1930-க்குப் பிறகு செய்த பெரும்பாலான பெட்ரோல் என்ஜின்களுக்கு ஏற்றதல்ல என்று ஏபிஐயே சொல்கிறது. எஸ்பிக்கு அந்தக் கோடு 1951. என் வண்டி சரியாக வாசல்படியில் நிற்கிறது. (ஒரு எச்சரிக்கை: ஆங்கிலத்தில் வேறு எழுத்தோடு, 2020-ல் வந்த புது எஸ்பியும் (SP) ஒன்று உண்டு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் தரத்தில் ஏணி வைத்தாலும் எட்டாது. கடையில் பாட்டிலைப் பார்த்தே வாங்குங்கள்.)

டிடர்ஜென்ட் ஆயில் அழுக்கைப் பொடிப்பொடியாகத் தன்னுள் தாங்கி வைத்திருக்கும். நாம் ஆயிலை இறக்கும்போது அதுவும் சேர்ந்து இறங்கிவிடும். ஊற்றின சில நாளிலேயே கறுப்பாகிவிடுகிறதே என்று பயப்படுவார்கள். கறுத்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆனால் பைபாஸ் ஃபில்டர் இருப்பதால் அந்த அழுக்கு முழுவதையும் பிடிக்க ஆள் இல்லை. அதனால் டிடர்ஜென்ட் ஊற்றுபவர் அடிக்கடி மாற்ற வேண்டும். இந்த நிபந்தனையைச் சொல்லாமல் டிடர்ஜென்ட்டைப் புகழ்பவர்கள் பாதிதான் சொல்கிறார்கள்.

வருடக்கணக்கில் நான்-டிடர்ஜென்ட்டில் ஓடிய என்ஜினில் திடீரென்று டிடர்ஜென்ட் ஊற்றினால் பழைய கசண்டு பெயர்ந்து சல்லடையை அடைத்துவிடும் என்ற பயமும் உண்டு. முழுப் புரளி என்று தள்ள மாட்டேன். வால்வு மூடியைத் திறந்து பாருங்கள். வெல்லப்பாகு உறைந்த மாதிரி கனமாக இருந்தால் ஆயில் ஊற்றிச் சரிசெய்ய நினைக்காமல் சம்பைக் கழற்றிச் சுரண்டுவதுதான் முறை. அது வார்ப்பிரும்பு, நல்ல கனம், ஒற்றை ஆளாக இறங்காதீர்கள். மெல்லிய படலம்தான் என்றால் இப்படிச் செய்யலாம்: என்ஜினைச் சூடாக்கி ஆயிலை இறக்கி, புது ஃபில்டரோடு டிடர்ஜென்ட் ஊற்றி, பத்து மணி நேரம் மட்டும் ஓட்டி, மறுபடி இறக்கி ஃபில்டரையும் மாற்றுவது. நான் இரண்டு தடவை செய்தேன். முதல் தடவை தார் மாதிரி வந்தது, இரண்டாம் தடவை காப்பி மாதிரி. அப்புறம் ஆயில் பிரஷர் முள் எங்கும் இறங்கவில்லை.

ஆக, முதல் சுற்றில் டிடர்ஜென்ட்டுக்கே என் ஓட்டு.

ஒற்றை 30-ஆ, 10டபிள்யூ-30-ஆ, 15டபிள்யூ-40-ஆ?

ஃபோர்டின் அந்தக் காலக் கையேடு ஒரே ஆயிலைச் சொல்லவில்லை. உறைபனிக்குக் கீழே 10, சாதாரண நாளுக்கு 20, கொளுத்தும் வெயிலுக்கு 30 என்று பருவத்துக்குப் பருவம் மாற்றச் சொன்னது. "கம்பெனி சொன்னது 30 மட்டும்தான்" என்பவர்கள் அந்தப் பக்கத்தின் ஒரு வரியை மட்டும் படித்தவர்கள்.

கோடையில் மட்டும் ஓட்டி, நவம்பரில் ஷெட்டில் விட்டுவிடுபவருக்கு டிடர்ஜென்ட் உள்ள ஒற்றை 30 தாராளமாகப் போதும். என் வண்டி ஜனவரியிலும் பனி தள்ள வேண்டியிருக்கிறது. காலையில் மைனஸ் 15 டிகிரி. பேட்டரியோ 6 வோல்ட். கெட்டியான ஆயிலில் அந்த செல்ஃப் மோட்டார் படும் பாடு, சகதியில் மாட்டு வண்டி இழுக்கிற மாதிரி. டபிள்யூ என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கிறது. 15டபிள்யூ ஆயிலின் சுழற்றும் சோதனை மைனஸ் 20 டிகிரியில் நடக்கும், 10டபிள்யூவுக்கு மைனஸ் 25, 5டபிள்யூவுக்கு மைனஸ் 30. இந்த ஐந்து டிகிரி வித்தியாசம் 12 வோல்ட் வண்டியில் தெரியாது. 6 வோல்ட்டில் தெரியும்.

பின்னால் வரும் எண் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதற்கு. என்ஜின் தேய்ந்து, சூடானதும் ஐடிலில் பிரஷர் முள் தொங்கினால் 40 கொஞ்சம் கைகொடுக்கும். கொஞ்சம்தான். தேய்ந்த பேரிங்கைக் கெட்டி ஆயில் மறைக்கும், ஆற்றாது. முள் நன்றாக நிற்கும் வண்டிக்கு 10டபிள்யூ-30 போதும்.

அடுத்து துத்தநாகச் சண்டை. உராயும் பரப்பைக் காக்க ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த ஒரு சேர்மம் இருக்கிறது. பாஸ்பரஸ் கார்களின் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கிறது என்பதால், 2004-ல் வந்த எஸ்எம் தரத்திலிருந்து 30 மற்றும் அதற்கு மெலிந்த கார் ஆயில்களில் அதை 0.08 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தினார்கள். 15டபிள்யூ-40 டீசல் ஆயிலின் சிகே-4 தரத்தில் 0.12 வரை அனுமதி. தட்டை டாப்பட் உள்ள பழைய என்ஜின்களில் வால்வைத் திறக்கும் கேம் தேய்ந்துவிடும் என்று அன்றிலிருந்து ஒரே அலறல். வேகமாக ஓடும், கடினமான வால்வு ஸ்பிரிங் உள்ள பந்தயக் கார் என்ஜினுக்கு அந்தக் கவலை நியாயம். 8என்னின் ஸ்பிரிங் அவ்வளவு அழுத்துவதில்லை, சுற்றும் மெதுவு. இதற்காக விலை கூடிய பந்தய ஆயிலோ, தனியாக விற்கும் துத்தநாக பாட்டிலோ வாங்குவது காசைக் கரியாக்குவது. மனசு கேட்கவில்லை என்றால் டீசல் ஆயிலிலேயே கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, அதோடு விடுங்கள்.

டீசல் ஆயிலைப் பெட்ரோல் என்ஜினில் ஊற்றலாமா என்று மாமாவும் கேட்டார். இந்த வண்டிக்குத் தாராளமாக ஊற்றலாம். கெடுக்க இதில் கேட்டலிடிக் கன்வெர்ட்டரே இல்லை. புகைக்கரியைச் சமாளிக்கச் செய்த ஆயில் என்பதால் சுத்தம் செய்யும் சக்தியும் அதிகம். பெரிய கேனாக எந்த விவசாயக் கடையிலும் கிடைக்கும்.

சிந்தெடிக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 5டபிள்யூ-40 சிந்தெடிக் குளிரில் அருமையாகச் சுழலும், மறுக்கவில்லை. ஆனால் அதன் பெரிய லாபம் நீண்ட நாள் தாங்குவது. இந்த என்ஜினில் ஆயில் பழசாகிக் கெடுவதற்கு முன்பே அழுக்காகிக் கெட்டுவிடும். பின்பக்க மெயின் பேரிங்கில் இருப்பது கயிறு வகை சீல். எந்த ஆயில் ஊற்றினாலும் அது கொஞ்சம் அழத்தான் செய்யும். சொட்டுவதற்கு எதற்கு விலை கூடிய ஆயில்?

ஆயிலை விடப் பெரிய சங்கதி

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். என்ஜின் நன்றாகச் சூடானால் அது வெளியேறிவிடும். பத்து நிமிடம் ஓட்டி ஷெட்டில் விட்டால் உள்ளேயே தங்கி, ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மஞ்சள் கலந்த மோர் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். குளிரில் சோக்கை இழுத்தே வைத்திருந்தால் பெட்ரோலும் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு இறங்கும். அளவு கம்பியை முகர்ந்து பாருங்கள், வாடை சொல்லிவிடும்.

அதனால் நான் ஐம்பது மணி நேரம் அல்லது வருடத்துக்கு இரண்டு முறை, எது முதலில் வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்கிறேன். 1950-ல் வந்த, என்ஜின் சுற்றைக் காட்டும் ப்ரூஃப்மீட்டர் என் வண்டியில் இருக்கிறது, மணிக்கணக்கும் அதிலேயே தெரிய வேண்டும். ஆனால் முள் என்றோ உயிரை விட்டுவிட்டது. ஷெட் கதவில் சாக்பீஸால் எழுதிவைக்கிறேன். பனிக்காலம் முழுக்க நிற்கப்போகிற வண்டிக்கு நவம்பரிலேயே மாற்றிவிட வேண்டும். அமிலமும் தண்ணீரும் கலந்த பழைய ஆயிலில் பேரிங்கை மூன்று மாதம் ஊறவைக்கக் கூடாது.

காற்று வடிகட்டியையும் மறந்துவிடாதீர்கள். இதில் காகித ஃபில்டர் கிடையாது, கீழே ஒரு கிண்ணத்தில் ஆயில். காய்ந்த புல்லில் ஒரு நாள் வேலை செய்தால் அடியில் சேறு நிற்கும். கழுவி, கோடு வரை புது என்ஜின் ஆயில் ஊற்ற வேண்டும். இதை விட்டுவிட்டு உலகத்திலேயே உயர்ந்த ஆயிலை சம்பில் ஊற்றினாலும் தூசி ரிங்கை அரைத்துவிடும். பின்னால் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் சேர்த்து இருக்கும் 5 கேலன் வேறு கணக்கு. என்ஜின் ஆயிலை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

இப்போது என் வண்டியில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 15டபிள்யூ-40 டீசல் ஆயில், நவம்பரில் 10டபிள்யூ-30. கம்பெனி எதுவோ, அன்றைக்குத் தள்ளுபடியில் கிடைப்பது. அந்தக் கடைக்காரர் கொடுத்த நான்-டிடர்ஜென்ட்டில் இரண்டு பாட்டில் இன்னும் ஷெட்டில் கிடக்கிறது. ஏர் கம்ப்ரஸருக்கும் கேட் கீலுக்கும் ஊற்றித் தீர்த்துக்கொண்டிருக்கிறேன்.