அளவான ஸ்கேட்டா, ஒரு சைஸ் பெரிதா?

வாளையார், பாலக்காடு பக்கம் ரோலர் ஸ்கேட்டில் (சக்கரம் வைத்தது) பழகிவிட்டு, பனித்தளத்தில் சறுக்கும் ஃபிகர் ஸ்கேட்டுக்கு (அடியில் இரும்புத் தகடு வைத்த பூட்ஸ்) மாறும் பிள்ளைகளின் பெற்றோருக்கு வரும் சந்தேகம்: வளருகிற கால்தானே, பெரிதாக வாங்கினால் என்ன?

செலவு: பெரியது கூடுதல் நாள் வரும். அளவானதைச் சீக்கிரம் மாற்ற வேண்டிவரும்.

பிடிப்பு: பெரியதில் குதிகால் தூக்கும், கணுக்கால் ஆடும், கொப்புளமும் வரும். அளவானதில் நேராக நின்றால் விரல் நுனி லேசாக முன்னால் தொடும். முழங்காலை மடக்கினால் பின்வாங்கும். குதிகால் அசையவே கூடாது. செருப்பு சைஸை நம்பாதீர்கள். பிள்ளையை நிற்கவைத்து, பாதத்தை மில்லிமீட்டரில் அளந்து, தயாரிப்பாளரின் அட்டவணையோடு பாருங்கள். தடித்த சாக்ஸ் போட்டு நிரப்புவதெல்லாம் வேலைக்காகாது.

விடுமுறையில் ஒரு முறை சறுக்க வாடகை ஸ்கேட் போதும். வாராவாரம் பயிற்சி என்றால் அளவானதுதான். வளர இடம் விட்டே ஆகணும் என்றால் அரை சைஸ், அதற்கு மேல் வேண்டாம். கையைக் கடித்தால், கணுக்கால் பகுதி மடிந்து தளராத பழைய ஜோடியை அளவாகப் பார்த்து எடுங்கள்.