ஹிட்ஸ்ஃபெல்டா, க்ளாப்பா? டார்ட்மண்டின் பெரிய பயிற்சியாளர் யார்

ஜெர்மன் கால்பந்து கிளப்பான பொருஷியா டார்ட்மண்டின் வரலாற்றில் சிறந்த பயிற்சியாளர் யார் என்று கேட்டால், வரும் பதிலை வைத்தே பதில் சொன்னவரின் வயதைக் கணித்துவிடலாம். 1990களில் ஆட்டம் பார்க்கத் தொடங்கியவர்கள் ஒட்மார் ஹிட்ஸ்ஃபெல்ட் என்பார்கள். பிந்தி வந்தவர்களுக்கு யூர்கன் க்ளாப்பை விட்டால் வேறு ஆளே கிடையாது.

கோப்பைகளை எண்ணினால் வழக்கு சீக்கிரம் முடிந்துவிடும். இருவருக்கும் ஜெர்மன் லீகான புண்டஸ்லிகாவில் தலா இரண்டு பட்டங்கள்: ஹிட்ஸ்ஃபெல்டுக்கு 1995, 1996, க்ளாப்புக்கு 2011, 2012. அதற்கு மேல் ஹிட்ஸ்ஃபெல்டிடம் ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் கோப்பையான சாம்பியன்ஸ் லீக் (1997) இருக்கிறது, க்ளாப்பிடம் 2012 ஜெர்மன் கோப்பை இருக்கிறது. ஐரோப்பிய மகுடத்துக்கு முன்னால் உள்நாட்டுக் கோப்பை எம்மாத்திரம்? இருந்தாலும் என் ஓட்டு க்ளாப்புக்குத்தான். கஜானாவில் என்ன இருந்தது என்று பார்த்தால் காரணம் புரியும்.

ஹிட்ஸ்ஃபெல்ட் 1991இல் வந்தார். கணித ஆசிரியர் பயிற்சி முடித்தவர், சுவிட்சர்லாந்தில் கிராஸ்ஹாப்பர்ஸ் அணிக்கு லீக் பட்டம் வாங்கித் தந்தவர், ஜெர்மனியில் அவ்வளவாகத் தெரியாத பெயர். முதல் பருவத்திலேயே பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. கடைசி நாளில் லெவர்குசனில் ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது பட்டத்துக்குப் போட்டியிட்ட ஸ்டுட்கார்ட்டின் புக்வால்ட் தலையால் முட்டிய கோல், புள்ளிகள் சமமாகி, கோல் வித்தியாசத்தில் அதைப் பறித்துக்கொண்டது. அடுத்த பருவம் இன்னொரு ஐரோப்பியப் போட்டியான யூஃபா கோப்பையின் இறுதியில் இத்தாலியின் யுவென்டஸிடம் இரண்டு ஆட்டங்களும் சேர்த்து 6-1 என்று அடி. ஆனால் அந்தத் தோல்விதான் கிளப்பைப் பணக்காரனாக்கியது. ஐரோப்பாவில் ஆடிய ஜெர்மன் கிளப்புகளுக்கான தொலைக்காட்சிப் பணத்தில் பெரும்பங்கு, கடைசிவரை தாக்குப்பிடித்த டார்ட்மண்டுக்கு வந்தது. அந்தப் பணம் இத்தாலிக்கே திரும்பிப் போனது: இன்டரிலிருந்து சாமர், லாசியோவிலிருந்து ரீட்லே, யுவென்டஸிலிருந்து மோல்லர், கோலர், ஜூலியோ செசார்.

காசு கொடுத்து வாங்கிய அணி என்று இதைத் தள்ளிவிட முடியாது. வாங்கிய நட்சத்திரங்களை ஒரே அறையில் வைத்துச் சமாளிப்பது தனிக் கலை. மத்திய வரிசைக்காரரான சாமரைத் தடுப்பு வரிசைக்குப் பின்னால் சுதந்திரமாக ஆடும் லிபரோவாக நிறுத்தியதில் அந்த மூளை தெரியும். அங்கிருந்து பந்தோடு முன்னேறி ஆடியே அவர் 1996இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருதை வாங்கினார்.

1997 மே 28, மியூனிக், சாம்பியன்ஸ் லீக் இறுதி. எதிரே அதே யுவென்டஸ். ஜிடானைக் கவனிக்கும் வேலை ஸ்காட்லாந்துக்காரர் பால் லாம்பர்ட்டுக்கு. பெரிய பேர் இல்லாத ஆள். ஆனால் ஜிடானை மூச்சுவிட விடவில்லை. ரீட்லே இரண்டு அடித்தார், டெல் பியரோ குதிகாலால் ஒன்றைத் திருப்பினார். யுவென்டஸ் நெருக்கத் தொடங்கிய நேரத்தில், இருபது வயது லார்ஸ் ரிக்கன் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். கோல்கீப்பர் பெருஸ்ஸி கோலை விட்டு முன்னால் வந்து நிற்பதை பெஞ்சில் இருந்தே அவர் பார்த்து வைத்திருந்தார். மோல்லர் தந்த பந்து, முதல் தொடுகை, தூரத்திலிருந்து தலைக்கு மேல் ஒரு சுழற்று. இறங்கி இருபது விநாடிகூட ஆகவில்லை. 3-1. மாற்று ஆட்டக்காரரை இறக்கும் நேரத்துக்குப் பாடம் எடுக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, அப்புறம் என்ன ஆனது? ஹிட்ஸ்ஃபெல்ட் விளையாட்டு இயக்குநர் நாற்காலிக்கு மாற, இத்தாலிக்காரர் நெவியோ ஸ்காலா வந்தார். சாமரின் முழங்கால் ஒத்துழைக்கவில்லை, அணிக்கு வயதாகியிருந்தது. லீகில் பத்தாம் இடம். செலவுப் பழக்கம் மட்டும் போகவில்லை. 2000இல் கிளப் பங்குச் சந்தைக்குப் போனது. 2002இல், 34 வயதில், சாமரே பயிற்சியாளராகப் பட்டம் வென்றார். அதற்கான பில் பின்னால் வந்தது. மைதானத்தையே விற்று வாடகைக்கு ஆடி, 2005இல் திவால் வாசல்வரை போய்த் திரும்பினார்கள்.

2008இல் க்ளாப் மைன்ஸிலிருந்து வந்தபோது, முந்தைய பருவத்தில் பதின்மூன்றாம் இடம் பிடித்த அணியும் கடன் கணக்கும்தான் கைக்கு வந்தன. நட்சத்திரம் வாங்க வழியில்லை. மைன்ஸிலிருந்தே சுபோடிச், ஹெர்த்தாவிலிருந்து பணமே கொடுக்காமல் பிஸ்செக், ஜப்பானிலிருந்து 3.5 லட்சம் யூரோவுக்கு ககாவா, போலந்திலிருந்து லெவண்டோவ்ஸ்கி. கிளப்பின் சொந்த வளர்ப்பு கோட்ஸே. 2011இல் பட்டம் வென்றவர்களில் பலர் 22, 23 வயதைத் தாண்டாதவர்கள்.

அந்த வயதுக்கேற்ற ஆட்டம்தான் கேகன்பிரஸிங். பந்து பறிபோன நொடியில் பின்வாங்காமல், பக்கத்தில் இருக்கும் மூன்று நான்கு பேர் சேர்ந்து பாய்வது. பந்தைப் பறித்தவன் இன்னும் தலை நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டான், அவன் கூட்டாளிகள் முன்னால் ஓடத் தொடங்கியிருப்பார்கள். அந்த இடைவெளியில் பந்து திரும்பக் கிடைத்தால் எதிரணியின் பின்வரிசை திறந்த வீடு. ஜெர்மனியின் பெரிய கிளப்பான பயர்ன் மியூனிக்கை வரிசையாக ஐந்து முறை வென்றார்கள். ஐந்தாவது, 2012 கோப்பை இறுதியில் 5-2.

க்ளாப்பின் குறையும் இதற்குள்ளேயே இருந்தது. எதிரணிகள் பந்தை டார்ட்மண்டிடமே கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்துகொள்ளக் கற்றன. பறிக்கப் பந்து இல்லாதபோது அவரிடம் வேறு வழி அதிகம் இல்லை. கோட்ஸே 2013இலும் லெவண்டோவ்ஸ்கி 2014இலும் பயர்னுக்கே போனார்கள். 2015 பிப்ரவரியில் அணி கடைசி இடம். அவுக்ஸ்பர்க்கிடம் சொந்த மண்ணில் தோற்றதும் ஆட்டக்காரர்கள் ஹும்மெல்ஸும் வைடன்ஃபெல்லரும் வேலியில் ஏறி ரசிகர்களைச் சமாதானப்படுத்தினார்கள். கடைசியில் ஏழாம் இடம். 2013இல் வெம்ப்ளியில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில் 89வது நிமிடம் பயர்னின் ராபன் அடித்து வீழ்த்தியதையும் சேர்த்தால், பெரிய இரவில் ஹிட்ஸ்ஃபெல்ட் ஒரு படி மேல் என்பதை மறுக்க மாட்டேன்.

ஆனால் விட்டுப்போனதைப் பாருங்கள். க்ளாப்பின் ஆட்களைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்ட தாமஸ் டூஹல் மறு பருவமே 78 புள்ளிகள் எடுத்தார். ஹிட்ஸ்ஃபெல்டுக்குப் பின் வந்தவருக்குக் கிடைத்ததோ பத்தாம் இடம்.

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. க்ளாப்புக்குப் பின் வந்த எல்லோரையும் அவரைப் போல் கத்துகிறாரா, கட்டிப்பிடிக்கிறாரா என்றே அளந்தார்கள். லூசியன் ஃபாவ்ர் 2018-19இல் 76 புள்ளிகளோடு பயர்னுக்கு இரண்டு புள்ளி பின்னால் முடித்தார். அமைதியான மனிதர் என்பதே அவருக்குக் குற்றமானது.

இருவரைத் தாண்டி ஒருவரைச் சொல்லியாக வேண்டும்: வில்லி முல்ட்ஹாப். 1966இல் கிளாஸ்கோவில் லிவர்பூலை 2-1 என்று வென்று, ஐரோப்பிய அளவிலான கோப்பை ஒன்றைக் கொண்டுவந்த முதல் ஜெர்மன் கிளப்பாக டார்ட்மண்டை ஆக்கியவர். ஒரே பருவம் இருந்துவிட்டு கோல்னுக்குப் போய்விட்டார், அதனால் யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஆக என் வரிசை: க்ளாப், ஹிட்ஸ்ஃபெல்ட், முல்ட்ஹாப், சாமர், டூஹல். டூஹலை ஐந்தாவதாக வைத்ததற்குச் சண்டைக்கு வருபவர்கள் அந்த 78 புள்ளிகளைக் காட்டலாம். அதே பருவத்தில் பயர்ன் எடுத்தது 88.